புது நகரத்தில் வீடு பார்க்குமுன் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பாருங்கள்

பெருநகரத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றேதான். வந்து இறங்குவதற்கு முன்பே, படங்களை மட்டும் பார்த்து, ஓராண்டுக்கு ஒரு வீட்டைப் பேசி முடித்துவிடுவார்கள். படத்தில் சமையல் மேடை தெரியும், பால்கனி தெரியும், புதுச் சாயம் பூசிய சுவர் தெரியும். காலை எட்டரைக்கு அந்தத் தெருமுனையில் வண்டிகள் அசையாமல் நிற்பது தெரியாது. மேல்மாடிக் குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகுவதும் தெரியாது. வீட்டுக்குள் இருக்கிற குறைகளில் பாதியைக் காசு கொடுத்துச் சரிசெய்துவிடலாம். தெருவின் குறைக்கு வாடகைக்கு இருப்பவரிடம் மருந்து கிடையாது. அதனால் முதலில் போய்வரும் பாதை, அடுத்துப் பகுதி, கடைசியில்தான் வீடு.

இதற்கு அவகாசம் வேண்டும். முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு விடுதியோ, உறவினர் வீடோ, மாத வாடகை அறையோ ஏதாவது ஒன்றில் தங்கிக்கொள்ளுங்கள். கட்டிலையும் பீரோவையும் இப்போதைக்குப் பழைய ஊரிலேயே விட்டுவையுங்கள். இந்த ஒரு மாதச் செலவு கையைக் கடிக்கும், உண்மைதான். ஆனால் ஒப்பந்தத்தை நடுவில் முறித்து, முன்பணத்தில் ஒரு பங்கை இழந்து, இரண்டாம் முறை சாமான் ஏற்றி இறக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை.

கடிகாரத்திலிருந்து தொடங்குங்கள்

காலம் மாறினாலும் வாகனம் மாறினாலும் மனிதர்கள் ஒரு நாளில் பயணத்துக்குக் கொடுக்கும் நேரம் சராசரியாக ஒரு மணியைச் சுற்றியே நிற்கிறது என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் வாதிட்டார். போக அரைமணி, வர அரைமணி. பெருநகரத்தில் இது எல்லோருக்கும் வாய்க்காது. ஆனாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ள நல்ல எண். இதற்கு மேல் போகிற ஒவ்வொரு நிமிடமும் தூக்கத்திலிருந்தோ சமையலிலிருந்தோ குழந்தையோடு இருக்கும் நேரத்திலிருந்தோதான் வர வேண்டும். "இருபது நிமிஷம்தானே கூட ஆகும்" என்பார்கள். போக இருபது, வர இருபது, மாதத்துக்கு 22 வேலைநாள் என்று பெருக்கிப் பாருங்கள்: 880 நிமிடம், அதாவது 14 மணி 40 நிமிடம். கிட்டத்தட்ட இரண்டு முழு வேலைநாள். வாடகையில் மிச்சமாகும் தொகை அந்த இரண்டு நாளுக்கு ஈடாகுமா என்பதுதான் கேள்வி.

அளப்பதைச் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியை ஒட்டிய நாட்களில் நெரிசல் வேறு மாதிரி இருக்கும், விடுமுறை நாளில் அளப்பதோ சுத்த வீண். வீட்டுக் கதவைப் பூட்டும் நொடியில் கடிகாரத்தைத் தொடங்கி, அலுவலக நாற்காலியில் உட்காரும்போது நிறுத்த வேண்டும். "பேருந்தில் 22 நிமிஷம், ரயிலில் 11, அரைமணியில போயிடலாம்" என்று வீடு காட்டுகிறவர் சொல்வார். அவர் சொல்வது பொய் இல்லை. அவர் விட்டுவிட்ட கணக்குதான் பெரிது. லிஃப்டுக்குக் காத்து இறங்க 2, நிறுத்தத்துக்கு நடை 7, பேருந்துக்குக் காத்திருப்பு 6, பேருந்தில் 22, இறங்கி ரயில் மேடைக்கு 4, ரயிலுக்குக் காத்திருப்பு 5, ரயிலில் 11, மறுபடி நடை 6, அலுவலக வாசலில் சோதனையும் லிஃப்டும் 4. கூட்டினால் 67. ஊர்தியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு.

மூன்று நாள் அளந்தால் மூன்று விடை வரும். சராசரி எடுக்காதீர்கள், மூன்றில் மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் சரியான நேரத்துக்கு உள்ளே இருக்க வேண்டுமென்றால் அந்த மோசமான நாளை வைத்துத்தான் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியிருக்கும். திரும்பி வரும் பாதையையும் மாலை ஏழுக்கு ஒரு முறை, இரவு பத்தரைக்கு ஒரு முறை அளந்துவிடுங்கள். கடைசிப் பேருந்து, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தைவிட எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பது முக்கியம். பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்போம், தவறவிட்டால் நட்டம் பத்து. அரைமணிக்கு ஒன்று என்றால் நேரம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும், ஒரு நிமிடம் தாமதித்தால் அரைமணி போச்சு. இடையில் வண்டி மாறுவதும் இப்படித்தான். முதல் வண்டி மூன்று நிமிடம் தாமதமானால், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வரும் இரண்டாவது வண்டி கண்முன்னே போய்விடும். கொஞ்சம் தள்ளி இருந்தாலும் ஒரே வண்டியில் போய்ச் சேரும் பகுதி, பக்கத்திலேயே இருந்து இரண்டு முறை மாறவைக்கும் பகுதியைவிட மேல்.

வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போனால் வரைபடத்தில் இரு அலுவலகங்களுக்கும் நட்டநடுவே புள்ளி வைப்பார்கள். பார்க்க நியாயமாகத் தெரியும், நடைமுறையில் இருவருக்கும் தொலைவாகிவிடும். குழந்தையைப் பள்ளியிலோ காப்பகத்திலோ விட்டு அழைத்து வருகிறவர் யார், காய்ச்சல் என்று நடுப்பகலில் தொலைபேசி வந்தால் ஓடப்போகிறவர் யார் என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள். அவருடைய பாதை சுருங்கட்டும். பள்ளி வயதுக் குழந்தை இருந்தால் பள்ளியில் இடம் உறுதியான பிறகே வீடு. மாற்றிச் செய்தவர்கள் தினமும் இரண்டு பாதைக்குக் கப்பம் கட்டுகிறார்கள்.

வாடகை வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதியை எல்லோரும் சொல்வார்கள். அது அமெரிக்க அரசு வீட்டுவசதித் திட்டங்களிலிருந்து வந்தது. 1969-இல் 25 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்து, 1981-இல் 30 ஆக உயர்த்தினார்கள். அந்த எண்ணில் பயணச் செலவு கிடையாது. வாடகை, பராமரிப்புக் கட்டணம், பயணச் செலவு மூன்றையும் கூட்டிய தொகையை வைத்துத்தான் இரண்டு வீடுகளை ஒப்பிட வேண்டும். ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைத்த வீடு ஒரு வண்டி வாங்கவைத்தால், வண்டிக்கான தவணை, எரிபொருள், நிறுத்துமிடம் எல்லாம் அந்த வாடகையில் சேர்த்திதான்.

மூன்று முறை போய்ப் பாருங்கள்

பாதை வைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று பகுதிகள் மிஞ்சும். ஒவ்வொன்றிலும் நடக்க வேண்டும். சாதாரண நடையில் நிமிடத்துக்கு சுமார் 80 மீட்டர் போவோம். ஐந்து நிமிடத்துக்கு 400 மீட்டர், பத்து நிமிடத்துக்கு 800. வீட்டிலிருந்து 400 மீட்டருக்குள் அன்றாடச் சாமான் கடையும் நிறுத்தமும், 800-க்குள் மருந்துக்கடையும் மருத்துவரும் இருந்தால் நிம்மதி. வரைபடத்தில் வட்டம் போட்டு ஏமாறாதீர்கள். நடுவில் ஒரு ரயில் பாதையோ கால்வாயோ எட்டுத் தட அகலச் சாலையோ வந்தால், கண்ணுக்குத் தெரிகிற கடைக்குப் பதினைந்து நிமிடம் சுற்றிப் போக வேண்டிவரும்.

வேலைநாள் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை ஒரு முறை. அப்போது பார்க்க வேண்டியது: தெருவிலிருந்து பெரிய சாலைக்கு ஏற எத்தனை நிமிடம், குறுக்கே கடக்க வழி இருக்கிறதா, பள்ளி வேன்களும் குப்பை வண்டியும் எங்கே நிற்கின்றன. இரவு பத்து மணிக்கு ஒரு முறை. நிறுத்தத்திலிருந்து வீடு வரை தனியாக நடந்து பாருங்கள். தெருவிளக்கு எத்தனை எரிகிறது என்று மட்டும் எண்ணினால் போதாது. வெளிச்சம் இருந்தும் ஆள் இல்லாத தெருக்கள் உண்டு. ஒரு பக்கம் முழுக்க மதில்சுவர், மறுபக்கம் மூடிய கிடங்குகள் என்றால் விளக்கு இருந்தும் பயனில்லை. வீடுகளின் சன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறதா, ஒன்றிரண்டு கடையாவது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த நடையை வீட்டில் எல்லோரையும்விட அதிகமாக இரவில் தனியே வரப்போகிறவர் நடந்து பார்ப்பது நல்லது. அவருக்குத் தோன்றுவதே முடிவு. மூன்றாவது முறை விடுமுறை நாள் பிற்பகலில். வாரநாளில் அமைதியாக இருக்கும் தெரு அன்று வாகன நிறுத்துமிடமாகவோ ஒலிபெருக்கிக் களமாகவோ மாறுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

மழை பெய்த மறுநாள் போகக் கிடைத்தால் விடாதீர்கள். மழை இல்லாத காலத்திலும் தண்ணீர் தேங்கும் பகுதி அடையாளம் காட்டிவிடும். தரைத்தள மதில்களில் ஒரே உயரத்தில் ஓடும் மங்கலான கறைக்கோடு, தரையிலிருந்து வழக்கத்தைவிட உயரத்தில் மாட்டிய மின்மீட்டர்கள், வாசலில் புதிதாகக் கட்டிய குட்டைத் தடுப்பு, வண்டி நிறுத்தும் தளத்தின் மூலையில் தயாராக நிற்கும் இறைப்பு மோட்டார். இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுவிடுங்கள். "இங்கே தண்ணீர் வருமா" என்று கேட்டால் "இல்லை" என்று வரும். "கடைசியாக வந்தபோது எதுவரை வந்தது" என்று கேட்டால் கையால் உயரம் காட்டுவார்கள்.

சத்தம்

சத்தத்தைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை, குடிபோன பிறகு அதிகம் புலம்புவதும் இதைப் பற்றித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டல், இரவு நேரச் சாலைச் சத்தம் வீட்டுக்கு வெளியே சராசரியாக 45 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. பெரிய சாலையைப் பார்த்த வீட்டில் அது கனவு. செல்பேசிச் செயலியில் வரும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் ஒரே செல்பேசியால் இரண்டு வீடுகளை ஒப்பிட அது போதும். பத்து டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகப் படும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஓயாமல் வண்டி ஓடும் சாலையிலிருந்து விலகும் தூரம் இரட்டிப்பானால் மூன்று டெசிபெல்தான் குறையும். அதாவது சாலையிலிருந்து 10 மீட்டரில் இருக்கும் வீட்டுக்கும் 20 மீட்டரில் இருக்கும் வீட்டுக்கும் காதுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நடுவே ஒரு வரிசைக் கட்டடம் மறைத்தால் சத்தம் சட்டென்று இறங்கிவிடும். ஆகவே பெரிய சாலையிலேயே உள்ளே தள்ளிக் கட்டிய வீட்டைவிட, அதற்குப் பின்தெருவில் இருக்கும் வீடு தேவலை. அதே கட்டடத்தில் வேறு வழியில்லை என்றால் படுக்கையறை பின்பக்கம் பார்த்திருக்கிறதா என்று பாருங்கள்.

சாலையைத் தவிரவும் உண்டு. வேகத்தடைக்கு எதிரே உள்ள வீட்டில் ஒவ்வொரு வண்டியும் தடை பிடித்து, மறுபடி முறுக்கும். மேல்தளத்தில் லிஃப்ட் இயந்திர அறைக்கு ஒட்டிய சுவர் இரவெல்லாம் உறுமும். நீரேற்றும் மோட்டார், ஜெனரேட்டர் எங்கே இருக்கின்றன என்று காவலாளியிடம் கேளுங்கள். வீடு பார்க்கும்போது கூட வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, சன்னலைச் சாத்தி, படுக்கையறையில் பத்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். தரகருக்கு எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும்.

வீட்டுக்குள் அரைமணி

பத்து லிட்டர் வாளியைக் குளியலறைக் குழாயடியில் வைத்துத் திறந்து விடுங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் நல்ல வரத்து. இரண்டு நிமிடம் ஆனால் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றுக்கு மேல் போனால் தலைக்கு மேலே விழும் குளியல் குழாயை மறந்துவிட வேண்டியதுதான். அப்படியே சமையலறைக் குழாயையும் திறந்து, குளியலறையில் வரத்து விழுகிறதா என்று கவனியுங்கள். காலை ஏழு மணிக்குக் கட்டடமே தண்ணீர் திறக்கும் நேரத்தில் பார்த்தால் இன்னும் தெளிவு. மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் கட்டடங்களில் கடைசி மாடிக்குத்தான் வரத்து குறைவு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம். தொட்டி உங்கள் குழாய்க்கு மேலே மூன்று மீட்டரில் இருந்தால் கிடைப்பது 0.3 பார், அவ்வளவே. அழுத்த மோட்டார் வைத்தால் தீரும். அதை யார் வாங்குவது என்பதை ஒப்பந்தத்துக்கு முன் பேசுங்கள்.

குழாய் மூக்கில் வெள்ளைப் படிவு தடித்திருந்தால் கடின நீர். சுடுநீர்க் கலனின் கம்பியும் துணி இயந்திரமும் சீக்கிரம் கெடும். கழிவுநீர் வாடை அடித்தால் பதறி ஓட வேண்டாம். வீடு பல வாரம் பூட்டிக் கிடந்தால் வடிகாலுக்கு அடியில் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றி, வாடை மேலே வரும். எல்லா வடிகாலிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் வந்து பாருங்கள். அப்போதும் அடித்தால் குழாயமைப்பில் கோளாறு.

ஈரத்தின் இடத்தை வைத்துக் காரணம் சொல்லலாம். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை உப்புப் பூத்திருந்தால் மண்ணிலிருந்து ஏறும் ஈரம். வாடகைக்கு இருப்பவர் எதைப் பூசினாலும் நிற்காது. கூரையில் வட்டக் கறை என்றால் மேல்வீட்டுக் குளியலறை. சன்னலோர மூலையிலும் பீரோ பின்னாலும் கரும்புள்ளிப் பூஞ்சை என்றால் காற்றோட்டம் போதாமை, இதை ஓரளவு சரிசெய்யலாம். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுச் சாயம் பூசியிருந்தால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், பக்கத்துச் சுவரைவிடச் சில்லென்று இருக்கிறதா என்று.

கதவையெல்லாம் சாத்திவிட்டு ஒவ்வோர் அறையிலிருந்தும் செல்பேசியில் யாருக்காவது பேசி, சிக்னல் கிடைக்கிறதா என்று பாருங்கள். திசைகாட்டியில் மேற்கு எந்த அறை என்று குறித்துக்கொள்ளுங்கள். வெயில் ஊரில் அந்த அறைச் சுவர் பிற்பகல் முழுக்கக் காய்ந்து, இரவில்தான் சூட்டை விடும். மின்சாரம் 230 வோல்ட் உள்ள நாடுகளில் 16 ஆம்பியர் இணைப்பு ஏறக்குறைய 3,680 வாட் தாங்கும். 2,000 வாட் சுடுநீர்க் கலனும் 2,000 வாட் மின்கெண்டியும் ஒரே இணைப்பில் ஓடினால் அந்த அளவைத் தாண்டிவிடும், நேரம் நீண்டால் மின்தடுப்பான் விழலாம். குளிரூட்டிக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்பதைத் தடுப்பான் பெட்டியைத் திறந்தே பார்த்துவிடலாம்.

கடைசியாக இரண்டு கேள்வி. முன்பு இருந்தவர் ஏன் போனார்? வீடு எத்தனை மாதமாகக் காலி? முதல் கேள்வியைத் தரகரிடமும் காவலாளியிடமும் தனித்தனியே கேளுங்கள், விடை வேறுபட்டால் தோண்டுங்கள்.

பணம் கைமாறும் முன்

வீட்டை உள்ளே போய்ப் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும்" என்பது உலகமெங்கும் ஓடும் பழைய மோசடி. உரிமையாளரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் அந்த வீட்டு மின்கட்டண ரசீதோ சொத்துவரி ரசீதோ காட்டும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில்லை என்றால் என்ன உறவு, எழுத்தில் என்ன அதிகாரம் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை: இடையில் காலி செய்தால் என்ன நட்டம், எத்தனை மாத முன்னறிவிப்பு, ஆண்டுக்கு எவ்வளவு உயரும், எந்தப் பழுது யார் தலையில், காலி செய்த எத்தனை நாளில் முன்பணம் திரும்பும், அதில் எதற்கெல்லாம் கழிப்பார்கள். "வழக்கமான தேய்மானத்துக்குக் கழிப்பதில்லை" என்ற ஒரு வரியை எழுதி வாங்குங்கள். அந்த வரி இல்லாமல்தான் ஆணித் துளைக்கும் மங்கிய சாயத்துக்கும் மல்லுக்கட்டு நடக்கிறது.

சாவி வாங்கும் அன்று, சாமான் உள்ளே வருமுன், வாசலில் மீட்டர் அளவிலிருந்து தொடங்கி வெட்டாமல் ஒரே காணொளி எடுங்கள். ஒவ்வொரு விரிசல், கறை, உடைந்த தாழ்ப்பாள் எல்லாம் வரட்டும். அன்றே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் தேதியோடு பதிவாகிவிடும்.

குடிவந்த பிறகு

முதல் இரவுக்குத் தனிப் பெட்டி ஒன்று: படுக்கை விரிப்பு, சன்னலுக்கு ஒரு துணி, விளக்கு ஒன்று, வாளி, துண்டு, மருந்துகள், கத்தி, மின்னேற்றி. மற்ற பெட்டிகள் ஒரு வாரம் காத்திருக்கலாம். பெரிய மரச்சாமான் வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். எந்த அறையில் உட்காரப் போகிறோம் என்பது குடியிருந்து பார்த்த பின்தான் தெரியும். வாங்குமுன் வாசல் அகலத்தை மட்டும் அளந்தால் போதாது. லிஃப்டின் உள்ளளவு, படிக்கட்டு திரும்பும் இடம் இரண்டையும் அளக்க வேண்டும். நீளச் சோபா மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான்.

வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகவரி மாற்ற வேலைகளை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். வங்கி முதலில், பிறகு மற்றவை. இரவில் திறந்திருக்கும் மருத்துவமனைக்கு ஒரு நாள் இரவு சும்மா போய் வாருங்கள். எந்த வாசல் அந்நேரம் திறந்திருக்கும் என்று அவசரத்தில் தேட நேரமிருக்காது.

சாமான் அடுக்குவதைவிட மெதுவாக நடப்பது ஆட்களைப் பழகுவது. அறிமுகமான ஒருவரோடு சாதாரண நட்பு உண்டாவதற்கே சேர்ந்து கழிக்கும் நேரம் ஏறக்குறைய 50 மணியும், நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கு மேலும் ஆகிறது என்று அமெரிக்கப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. வாரம் இரண்டு மணி நேரம் ஒரே ஆட்களைச் சந்தித்தால் அந்த 50-க்கே 25 வாரம், அதாவது ஆறு மாதம். மூன்றாவது மாதம் "இந்த ஊரே ஒட்டவில்லை" என்று தோன்றினால் கணக்கு இன்னும் முடியவில்லை என்றே பொருள். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே ஆட்கள் வருகிற ஏதாவது ஒன்றில் சேருங்கள். விளையாட்டோ நூலகமோ பாட்டு வகுப்போ, எதுவானாலும் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கட்டும். நகரத்தின் மறுகோடியில் உள்ளதற்கு நாலு வாரம் போவோம், ஐந்தாவது வாரம் மழை வரும்.

சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, வீடோ தெருவோ எரிச்சல் மூட்டும்போதெல்லாம் தேதியோடு ஒரு வரி எழுதி வாருங்கள். ஒப்பந்தம் முடிய முன்னறிவிப்புக் காலத்துக்கு மேல் இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது அந்தத் தாளை எடுங்கள். இரண்டு மாத முன்னறிவிப்பு என்றால் ஒன்பதாம் மாத முடிவில். ஒரே குறை பத்துத் தடவை வந்திருந்து, அது வீட்டுக்குள் உள்ளது என்றால் உரிமையாளரிடம் பேச அதுவே நேரம். தெருவில் உள்ளது என்றால் மறுபடி ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடிகாரத்தோடு கிளம்புங்கள்.